பதினைந்தாயிரம் பேர், ஒரு துணி, ஒரு பின்வாசல்: டோபா-ஃபுஷிமி, ஜனவரி 1868

1868 ஜனவரி 27, மாலை ஐந்து மணி இருக்கும். கியோட்டோவுக்குத் தெற்கே, காமோ ஆற்றின் மேலுள்ள கொயெடா பாலத்தருகே ஒரு பெரிய படை சாலையிலேயே நின்றுகொண்டிருக்கிறது. சண்டைக்கான அணிவகுப்பு எதுவும் இல்லை. திருவிழாவுக்குப் போகிறவர்கள் மாதிரி நீள வரிசையில், ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள். சாலை குறுகல், இரு பக்கமும் குளிர்கால வயல். முன்னால் குதிரைமேல் டகிகாவா டொமொடாகா என்ற அதிகாரி. அவரிடம் ஒரு மனு இருக்கிறது. சட்சுமா சமஸ்தானம் செய்த அக்கிரமங்களைப் பட்டியலிட்டு, அவர்களைத் தண்டிக்க வேண்டும் என்று பேரரசரிடம் முறையிடும் மனு. வழியை மறித்து நிற்பவர்களும் அதே சட்சுமாக்காரர்கள்தான்.

வெகுநேரமாகப் பேச்சு நடக்கிறது. வழியை விடுங்கள் என்கிறார் டகிகாவா. கியோட்டோவிலிருந்து இன்னும் அனுமதி வரவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்கிறார்கள் அவர்கள். இவர்கள் பொறுத்துக்கொண்டிருந்த நேரத்தில் சட்சுமாவினர் இடமும் வலமும் பரவி, பீரங்கிகளைச் சாலையை நோக்கித் திருப்பி வைத்துக்கொண்டார்கள். இருட்டத் தொடங்கியதும் டகிகாவாவுக்குப் பொறுமை போயிற்று. நாங்கள் போகத்தான் போகிறோம் என்று படையை நகர்த்தினார். சட்சுமா பீரங்கி முழங்கியது. குண்டு ஒரு பீரங்கி வண்டிமேல் விழுந்து வெடிக்க, டகிகாவாவின் குதிரை மிரண்டு, சொந்தப் படைக்கு நடுவே புகுந்து பின்பக்கமாக ஓடியது. முன்வரிசைச் சிப்பாய்கள் அதுவரை துப்பாக்கியில் தோட்டாவே போட்டிருக்கவில்லை.

பேரரசரின் பெயரால் ராணுவத் தலைவர்களாக, அதாவது ஷோகன்களாக, இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஜப்பானை ஆண்ட டோகுகாவா குடும்பம் தன் ஆட்சியை மீட்கப் போட்ட சண்டை இப்படித்தான் ஆரம்பித்தது. ஷோகன் தரப்பில் ஏறத்தாழ 15,000 பேர். எதிரே சட்சுமா, சோஷூ சமஸ்தானங்களின் ஆட்கள் சுமார் 5,000. நான்கே நாளில் பெரிய படை தோற்றுக் கலைந்தது.

வாளை நம்பிய பழைய காலம் துப்பாக்கியை நம்பிய புதிய காலத்திடம் தோற்றது என்று ஒரே வரியில் இதை முடித்துவிடுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பாதிதான் சரி. ஷோகனிடம் பிரெஞ்சு அதிகாரிகள் பயிற்சி கொடுத்த காலாட்படை இருந்தது. நாட்டிலேயே பலமான கடற்படையும் அவருடையதுதான். முதல் நாள் இரவு கியோட்டோ அரண்மனையில் ஒரே கலக்கம். தோற்றால் பதினைந்து வயதுப் பேரரசரை ரகசியமாக நகரத்தைவிட்டுக் கூட்டிப்போக வெற்றி பெற்ற தரப்பே ஏற்பாடு செய்து வைத்திருந்தது. ஜெயிப்போம் என்று அவர்களுக்கே நிச்சயம் இல்லை. அப்புறம் எப்படி இது நான்கு நாளில் முடிந்தது? விடை போர்க்களத்தில் கொஞ்சம், ஒசாகா கோட்டையின் பின்வாசலில் மீதி.

அதற்கு முன் கொஞ்சம் பின்னணி

1853-ல் அமெரிக்கக் கப்பல்கள் வந்து நின்றதிலிருந்து ஷோகன் ஆட்சியின் அடித்தளம் ஆட்டம் கண்டிருந்தது. வெளிநாட்டாரோடு போட்ட ஒப்பந்தங்கள் பிடிக்காதவர்கள் பேரரசரின் பெயரைச் சொல்லிக் கிளம்பினார்கள். கியோட்டோ தெருக்களில் அரசியல் கொலைகள் சாதாரணமாகிவிட்டன. நகரத்தைக் காவல் காக்க ஒரு ஆள் வேண்டும் என்று 1862-ல் ஷோகன் அரசு தேடியபோது கண்ணில் பட்டவர் வடக்கே இருந்த ஐசு சமஸ்தானத்தின் பிரபு, மாட்சுடைரா கட்டாமோரி. வயது 26.

அவருடைய மூத்த ஆலோசகர்கள் வேண்டாம் என்றார்கள். விறகைச் சுமந்துகொண்டு போய்த் தீயை அணைக்கப் பார்ப்பது மாதிரி என்றார்கள். கட்டாமோரிக்கும் தயக்கம்தான். ஆனால் ஐசு குடும்பத்துக்கு ஒரு சாசனம் உண்டு. 1668-ல் குல முதல்வர் ஹோஷினா மாசாயுகி எழுதி வைத்தது. பதினைந்து விதிகள். முதல் விதியே, ஷோகனுக்கு முழு மனதோடு ஊழியம் செய்ய வேண்டும், மற்ற சமஸ்தானங்கள் செய்வதைப் பார்த்து அளந்துகொள்ளக் கூடாது என்பது. இதை மீறி இரண்டகம் நினைக்கும் பிரபு என் வம்சத்தவன் அல்ல, அவனுக்குக் கீழ்ப்படியாதீர்கள் என்று அதிலேயே எழுதியிருந்தது. கட்டாமோரி வெளியிலிருந்து வந்த தத்துப்பிள்ளை வேறு. இந்தச் சாசனத்தை எடுத்து நீட்டியதும் அவரால் மறுக்க முடியவில்லை. வேலையை ஏற்றார்.

அவருடைய நிழலில் வளர்ந்ததுதான் ஷின்சென்குமி என்ற காவல் படை. ஜப்பானில் இன்றுவரை இந்தப் பெயருக்கு இருக்கிற மவுசு தனி. ஆனால் ஒரு விஷயம்: அதன் தலைவர் கோண்டோ இசாமியும் துணைத்தலைவர் ஹிஜிகாட்டா டோஷிசோவும் பிறப்பால் சாமுராய்கள் அல்லர். எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, மேற்கே டாமா பகுதியின் விவசாயக் குடும்பங்கள். ஹிஜிகாட்டாவின் வீட்டில் அடிபட்ட காயத்துக்கு ஒரு பொடி மருந்து செய்வார்கள். அதைப் பெட்டியில் சுமந்து ஊர் ஊராக விற்றுத் திரிந்தவர் அவர். போகிற ஊரில் வாட்பயிற்சிக் கூடம் இருந்தால் அங்கேயும் ஒரு கை பார்த்துவிட்டு வருவாராம். இவர்களை ஷோகனின் நேரடி ஊழியர்களாக, அதாவது முறைப்படி சாமுராய்களாக, ஆக்கியது 1867 கோடையில். அதே ஆண்டு நவம்பர் 9-ல் ஷோகன் டோகுகாவா யோஷிநோபு ஆட்சியைப் பேரரசரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆயுசெல்லாம் ஏங்கிக் கிடைத்த பதவி ஐந்து மாதம்கூட முழுசாக நிலைக்கவில்லை.

ஆட்சியைத் திருப்பிக் கொடுத்தாலும் புதிய அரசில் தனக்கே முதலிடம் கிடைக்கும் என்று யோஷிநோபு கணக்குப் போட்டிருந்தார். தப்பான கணக்கு அல்ல. அது பலித்துவிடும் என்று பயந்துதான் 1868 ஜனவரி 3-ல் சட்சுமாவினர் அரண்மனையை வளைத்து, பேரரசர் ஆட்சி மீண்டது என்று அறிவித்தார்கள். பதவியோடு நிலத்தையும் விட்டுத்தர வேண்டும் என்று யோஷிநோபுவைக் கேட்டார்கள். அவர் சண்டை வேண்டாமென்று ஒசாகா கோட்டைக்கு ஒதுங்கினார். அங்கேயே சும்மா உட்கார்ந்திருந்தால் பேரம் அவர் பக்கம் சாய்ந்திருக்கவும் கூடும். ஆனால் எடோவில் சட்சுமாவின் கையாட்கள் கொள்ளையும் தீவைப்புமாகச் சீண்டிக்கொண்டே இருந்தார்கள். ஜனவரி 19-ல் ஷோகன் தரப்பினர் அங்கிருந்த சட்சுமா மாளிகையைக் கொளுத்தினார்கள். செய்தி ஒசாகா வந்து சேர்ந்ததும் கோட்டைக்குள் இருந்தவர்களைக் கட்டுப்படுத்த முடியவில்லை.

யோஷிநோபு அப்போது சளிப்பிடித்துப் படுக்கையில் இருந்தார். பிற்காலத்தில் அவரே சொன்னது இது. சீனப் போர்நூல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாராம். எதிரியையும் தெரிந்துகொள், உன்னையும் தெரிந்துகொள் என்ற இடம். அமைச்சர் இடாகுரா வந்து, படையை அனுப்பாவிட்டால் ஆட்கள் அடங்கமாட்டார்கள் என்றார். நம்மிடம் சட்சுமாத் தலைவர் சைகோ டாகாமோரிக்கு ஈடாக ஒருவர் உண்டா என்று கேட்டார் யோஷிநோபு. இல்லை என்றார் இடாகுரா. அவர்களுடைய இன்னொரு தலைவர் ஓகுபோ டோஷிமிச்சிக்கு? இல்லை. பிறகு எப்படி ஜெயிப்பது என்று கேட்டுவிட்டு, கடைசியில் உங்கள் இஷ்டம் என்று விட்டுவிட்டாராம். கையெழுத்துப் போடாமல் கோப்பை மேசையிலேயே திறந்து வைத்துவிட்டு எழுந்து போகிற அதிகாரி மாதிரி. இந்தப் படையெடுப்புக்கு ஆரம்பத்திலிருந்தே சொந்தக்காரர் இல்லை என்பது என் எண்ணம்.

நான்கு நாள்

கியோட்டோவுக்குள் போகப் பல வழிகள் உண்டு. 15,000 பேர் இருக்கும்போது நாலா பக்கமும் சுற்றி வளைத்திருக்கலாம். இவர்கள் டோபா, ஃபுஷிமி என்ற இரண்டே சாலைகளில் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். காரணம் எளிது. படையைக் கண்டதும் எதிரி வழிவிட்டு ஒதுங்குவான் என்று நினைத்தார்கள். தோட்டா போடாத துப்பாக்கிக்கும் அதுதான் விளக்கம்.

டோபாவில் பீரங்கி முழங்கிய சத்தம் கிழக்கே ஃபுஷிமிக்கும் கேட்டது. அங்கே நடுவர் மாளிகையில் ஐசு வீரர்களும் ஷின்சென்குமியும் இருந்தார்கள். அவர்களுக்கு நேர் வடக்கே கோகோநோமியா கோயில் வளாகத்தில் சட்சுமா பீரங்கிகள். சத்தம் கேட்ட கணமே அங்கிருந்தும் குண்டு பொழிய ஆரம்பித்தது. கோண்டோ களத்தில் இல்லை. சில வாரங்களுக்கு முன் பழைய பகையாளிகள் வழிமறித்துச் சுட்டதில் தோளில் காயம், ஒசாகாவில் சிகிச்சை. ஹிஜிகாட்டாதான் தலைமை.

நாகாகுரா ஷின்பாச்சி என்ற ஷின்சென்குமி வீரர் வாளை உருவிக்கொண்டு சில பேரோடு மதில் ஏறிக் குதித்து எதிரியை நோக்கி ஓடினார். துப்பாக்கிச் சூட்டுக்கு முன் நிற்க முடியாமல் திரும்பி வந்தார்கள். வந்தால் மதிலில் ஏற முடியவில்லை. உடம்பில் கவசம், கையில் ஆயுதம், அத்தனை கனம். மதில்மேல் இருந்தவர் ஷிமாடா காய், படையிலேயே மலை மாதிரியான ஆள். அவர் ஒரு துப்பாக்கியைக் கீழே நீட்டி, இதைப் பிடித்துக்கொள் என்று, நாகாகுராவை அப்படியே மேலே தூக்கி எடுத்தார். அந்த இரவில் ஷின்சென்குமிக்குத் துப்பாக்கியால் கிடைத்த உருப்படியான பலன் அதுவாகத்தான் இருக்கும். ஐசுவின் பீரங்கிப் படைத்தலைவர் ஹயாஷி கொன்சுகே, அறுபதைக் கடந்தவர், உடம்பெல்லாம் குண்டு பாய்ந்தும் ஆட்களை ஏவிக்கொண்டே இருந்தார். அந்தக் காயங்களிலேயே இறந்தார். நடுவர் மாளிகை எரிந்து போயிற்று.

பின்னாளில் எடோவில் ஒருவர் சண்டையைப் பற்றி விசாரித்தபோது, ஹிஜிகாட்டா சுருக்கமாகப் பதில் சொன்னார்: இனி பீரங்கியும் துப்பாக்கியும் இல்லாமல் ஆகாது, நான் வாளும் ஈட்டியும் வைத்திருந்தேன், ஒன்றுக்கும் உதவவில்லை.

சரி, முதல் நாள் அடி பலமானது. ஆனால் ஒரு நாள் அடியால் பதினைந்தாயிரம் பேர் கலைந்துவிட மாட்டார்கள். அவர்களைக் கலைத்தது அடுத்த நாள் வந்தது.

ஜனவரி 28. பேரரசர் குடும்பத்து இளவரசர் ஒருவர் படைத்தலைவராக நியமிக்கப்பட்டு, சட்சுமா, சோஷூ படையின் தலைக்குமேல் பட்டுக்கொடி ஏறியது. சிவப்புப் பட்டில் பொன்னில் சூரியன், வெள்ளியில் சந்திரன். இந்தக் கொடி யார் கையில் இருக்கிறதோ அவர்கள் பேரரசரின் படை. எதிரே நிற்பவர்கள் ராஜத்துரோகிகள். அப்படி ஒரு கொடி பழைய நூல்களில் இருந்ததே தவிர, உயிரோடிருந்த யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. சில மாதங்களுக்கு முன் இவாகுரா டோமோமி என்ற அரசவைப் பிரபுவின் யோசனையில் அது ரகசியமாகத் தயாரானது. நூல்களைப் புரட்டி வடிவம் வரைந்தவர் டமாமாட்சு மிசாவோ என்ற அறிஞர். துணி வாங்கியவர் ஓகுபோ. கிமோனோவின் இடுப்புப் பட்டைக்கு நெய்த பட்டு அது. சோஷூக்காரர் ஒருவர் அதை யமாகுச்சிக்குக் கொண்டுபோய்த் தைத்து முடித்தார்.

கடையில் வாங்கிய இடுப்புப் பட்டைத் துணிதான். ஆனால் அது பறந்ததும் நடந்ததைப் பாருங்கள். மூன்றாம் நாள் ஷோகன் படை பின்வாங்கி யோடோ கோட்டைக்கு வந்தது. ஆறுகள் கூடும் இடத்தில் உள்ள நல்ல அரண். உள்ளே போய் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சண்டை போடலாம். யோடோவின் பிரபு இனாபா மாசாகுனி வேறு யாருமில்லை, அந்த நேரத்தில் எடோவில் உட்கார்ந்து ஷோகன் அரசின் மூத்த அமைச்சராக வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். அவருடைய ஆட்களே கோட்டைக் கதவைச் சாத்தினார்கள். ரத்தம் வழிய வந்தவர்கள் வெளியே நின்றார்கள்.

அன்று யோடோவுக்கு அருகே நடந்த சண்டையில் ஷின்சென்குமி நிறையப் பேரை இழந்தது. அவர்களில் ஒருவர் இனோவே கென்சாபுரோ, டாமா காலத்திலிருந்து கோண்டோவோடு இருந்தவர். அவருடைய அண்ணன் மகன் படையில் எடுபிடியாக இருந்த சிறுவன். சித்தப்பாவின் தலை எதிரி கையில் சிக்கக் கூடாது என்று அதையும் வாளையும் எடுத்துக்கொண்டு ஓடினான். கனம் தாங்கவில்லை. பின்வாங்குகிற கூட்டத்தோடு சேர்ந்து ஓட முடியாமல் பின்தங்கினான். கடைசியில் வழியில் ஒரு கோயில் வாசலருகே புதைத்துவிட்டுப் போனான் என்று குடும்பத்தில் சொல்வார்கள். அந்த இடம் இன்றுவரை சரியாகத் தெரியவில்லை.

நான்காம் நாள் ஹஷிமோட்டோவில் கடைசி முயற்சி. ஆற்றுக்கு எதிர்க்கரையில் யமாசாகி பீரங்கி மேடையைக் காத்தது ட்சு சமஸ்தானம். நம்பிக்கையானவர்கள் என்றுதான் அவர்களை அங்கே நிறுத்தியிருந்தார்கள். பேரரசரின் தூதர் வந்து பேசியதும் அந்தப் பீரங்கிகள் ஆற்றுக்குக் குறுக்கே ஷோகன் படைமேல் வெடித்தன. ட்சுவின் குல முதல்வர் டோடோ டகடோரா காலத்தைப் பார்த்து எஜமானர்களை மாற்றி மாற்றிக் கடைசியில் டோகுகாவாவிடம் வந்து சேர்ந்தவர். பேரன்மார் பாட்டனாரின் வித்தையை மறக்கவில்லை என்று அப்போதே கிண்டல் செய்தார்கள்.

நான்கு நாளில் ஷோகன் தரப்பில் இறந்தவர்கள் முந்நூறுக்குச் சற்றுக் குறைவு. எதிர்த்தரப்பில் நூறுக்குச் சற்று மேல். 15,000 பேர் கொண்ட படைக்கு இது அழிவு கிடையாது. ஒசாகாவில் நாட்டின் உறுதியான கோட்டைகளில் ஒன்று இருக்கிறது, துறைமுகத்தில் கடற்படை இருக்கிறது, கோட்டைக்குள் யோஷிநோபுவே இருக்கிறார். தோற்று வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே நினைப்பு: அவர் குதிரையேறி முன்னால் வந்தால் போதும்.

பின்வாசல்

அவரும் வருவதாகத்தான் சொன்னார். ஆயிரம் பேர் போய் ஒருவன் மிஞ்சினாலும் பின்வாங்கக் கூடாது என்று பேசியதாகப் பதிவு இருக்கிறது. ஜனவரி 30-ம் தேதி, நானே தலைமை ஏற்கிறேன், ஆயத்தமாகுங்கள் என்றார். கோட்டைக்குள் ஆரவாரம். எல்லோரும் அவரவர் இடத்துக்கு ஓடினார்கள்.

அன்று இரவு சில பேர் கோட்டையின் பின்வாசல் வழியாக வெளியே நடந்தார்கள். காவலாளி யார் என்று கேட்டான். பணியாட்கள் முறை மாறுகிறார்கள் என்று பதில் வந்தது. அவன் விட்டுவிட்டான். போனவர்கள்: டோகுகாவா யோஷிநோபு, அமைச்சர் இடாகுரா, இன்னும் சிலர், கூடவே ஐசுவின் பிரபு கட்டாமோரி, அவருடைய தம்பியும் குவானாவின் பிரபுவுமான சடாகி. அந்த நான்கு நாளும் முன்வரிசையில் நின்றவை ஐசுவும் குவானாவும்தான். அந்த இரண்டு படைகளின் தலைவர்களையும் யோஷிநோபு கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆட்களை விட்டுவிட்டு வருகிறோமே என்று கட்டாமோரி பதறியிருப்பார். ஆனால் 1668 சாசனத்தின் முதல் விதி ஷோகனுக்குக் கீழ்ப்படி என்கிறது. அவர் வா என்கிறார். யோசித்துப் பார்த்தால், சாசனத்தை எழுதியவருக்கு இப்படி ஒரு இரவு வரும் என்று தோன்றியிருக்காது.

துறைமுகத்தில் இருட்டு. சொந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. இரோக்வாய் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் ஏறி உட்கார்ந்திருந்து, அப்புறம் தங்கள் போர்க்கப்பலான கைய்யோ மாருவுக்கு மாறினார்கள். அதன் தலைவர் எனோமோட்டோ டகேயாகி அப்போது கரையில் இருந்தார். அவருக்காகக் காத்திருக்கவில்லை. எடோவுக்கு விடு என்று உத்தரவு.

காலையில் கோட்டைக்குள் எழுந்த கூச்சலை நினைத்துப் பார்க்கலாம். எனோமோட்டோ வந்து பார்த்தார், தலைவரும் இல்லை, தன் கப்பலும் இல்லை. கோட்டையில் இருந்த 1,80,000 ரியோ பொன்னை வேறொரு கப்பலில் ஏற்றி எடோவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். கூடத்தில் ஒரு பொருள் அப்படியே கிடந்தது: பெரிய தங்க விசிறி. டோகுகாவா குல முதல்வர் இயேயாசு போர்க்களத்தில் தன் இடத்தைக் காட்ட உயர்த்திப் பிடித்த சின்னம். அதையும் மறந்துவிட்டுப் போயிருந்தார் வாரிசு. எடுத்துவந்தவர் சாமுராய்கூட இல்லை. எடோவின் தீயணைப்புக் கூட்டத் தலைவர் ஷின்மோன் டட்சுகோரோ. தன் ஆட்களோடு அதைச் சுமந்து, எதிரிகள் நடமாடும் சாலை வழியாக எடோவரைக்கும் கொண்டு சேர்த்தார்.

ஏன் ஓடினார்? கோழை என்று சொல்லிவிட்டுப் போகலாம், அன்றைக்குப் பலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. யோஷிநோபு மிட்டோ கிளைக் குடும்பத்தில் பிறந்தவர். தாய் பேரரசர் குலத்துப் பெண். டோகுகாவா மூலக் குடும்பமே பேரரசருக்கு எதிராக வில்லெடுக்க நேர்ந்தாலும் மிட்டோக்காரன் பேரரசருக்கு எதிராக நிற்கக் கூடாது என்று அப்பா சொல்லி வளர்த்ததாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். பட்டுக்கொடி வந்துவிட்டது என்ற செய்தி அவருடைய காதில் விழுந்தபோது, அது இடுப்புப் பட்டைத் துணியா என்று அவர் விசாரிக்கப் போவதில்லை. ராஜத்துரோகி என்ற சொல்லோடு சரித்திரத்தில் நிற்க அவருக்கு மனமில்லை. அவருடைய விசுவாசமும் விசுவாசம்தான். ஆனால் அதன் கணக்கைத் தீர்த்தவர்கள் வேறு ஆட்கள்.

பழி விழுந்த இடங்கள்

முதலில் தீர்த்தவர் ஜின்போ ஷூரி. ஐசுவின் இளம் அதிகாரி. சண்டை வேண்டாம், எடோ திரும்பி யோசிக்கலாம் என்று ஒசாகாவில் யோஷிநோபுவிடம் சொன்னவர். தப்பியோட்டத்துக்கு இவர் பேச்சுதான் காரணம் என்று ஐசுவினர் கொதித்தார்கள். ஷோகனைக் குற்றம் சொல்ல முடியாது, பிரபுவைக் குற்றம் சொல்ல முடியாது. யாராவது ஒருவர் வேண்டும். எடோவில் ஐசு மாளிகையில் அவர் வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்தார்.

கோண்டோவுக்கு அந்தச் சாவுகூடக் கிடைக்கவில்லை. நாகாரேயாமாவில் வேறு பெயரில் சரணடைந்தவரை அடையாளம் கண்டுவிட்டார்கள். 1868 மே 17-ல் இடாபாஷியில் தலையை வெட்டினார்கள். வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகும் செப்புக்கு, சாமுராய்க்கு உரிய மரியாதை. சாமுராய் ஆவதற்கே உயிரைக் கொடுத்துப் பாடுபட்டவரைச் சாதாரணக் குற்றவாளியாக வெட்டி, தலையைக் கியோட்டோவுக்குக் கொண்டுபோய்ப் பார்வைக்கு வைத்தார்கள். அதற்குள் எடோ கோட்டை சண்டையில்லாமல் கைமாறியிருந்தது. ஒப்புக்கொள்ளாத ஷோகன் விசுவாசிகள் உயெனோ கோயில் குன்றில் திரண்டார்கள். ஜூலை 4-ம் தேதி ஒரே நாளில் அவர்களையும் பீரங்கியால் அடித்து நொறுக்கிவிட்டார்கள். யோஷிநோபு அதற்கு முன்பே எடோவைவிட்டு மிட்டோவுக்குப் போயிருந்தார். தான் தண்டனையை ஏற்று அடங்கியிருப்பதாக அறிவித்தும் இருந்தார். அதாவது யாருக்காகப் போராடினார்களோ அவர் போராட வேண்டாம் என்று சொல்லிவிட்ட பிறகு நடந்த போராட்டம் இது.

இந்த இடத்தில்தான் ஹிஜிகாட்டா எனக்குப் புதிராக இருக்கிறார். மருந்துப் பெட்டிக்காரர் ஊருக்குத் திரும்பியிருக்கலாம். உட்சுனோமியாவில் காலில் குண்டடி பட்டு, ஐசுவில் ஆறவைத்து, செண்டாய் போய், எட்டுக் கப்பலோடு கிளம்பி வந்த எனோமோட்டோவுடன் சேர்ந்து, வட கோடித் தீவான எசோவுக்கு, இன்றைய ஹொக்கைடோவுக்குப் போனார். ஹகோடாட்டேயில் அவர்கள் தேர்தல் நடத்தி எனோமோட்டோவைத் தலைவராக்கினார்கள். பிரெஞ்சு அதிகாரி புரூனே போன்ற சிலரும் கூட இருந்தார்கள்.

1869 மே 6-ல் மியாக்கோ விரிகுடாவில் அவர்கள் செய்த காரியம் துணிச்சலா பைத்தியக்காரத்தனமா தெரியவில்லை. புதிய அரசிடம் கோடெட்சு என்ற இரும்புக் கப்பல் இருந்தது. அதை அமெரிக்காவிடம் வாங்க ஏற்பாடு செய்து பணம் கட்டியவர்கள் ஷோகன் அரசினர். கடைசியில் கைக்குப் போனது எதிரியிடம். தங்கள் கப்பலைக் கொண்டுபோய் அதன்மேல் மோதி, குதித்து, வாளால் பிடித்துவிடலாம் என்று திட்டம். மோதிய கப்பலின் தளம் உயரம், கோடெட்சுவின் தளம் தாழ்வு. குதித்தவர்கள் ஒவ்வொருவராக விழ விழ, கீழே பலகுழல் துப்பாக்கி காத்திருந்தது. ஹிஜிகாட்டா அந்தக் கப்பலில் இருந்து உயிரோடு திரும்பினார்.

ஹகோடாட்டேயில் எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. குடுமி வெட்டி, முடியைப் பின்னால் வாரி, மேற்கத்திய சீருடையும் முழங்கால் உயரப் பூட்ஸும் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் வாள். வாளும் ஈட்டியும் உதவாது என்று சொன்ன ஆள், தோற்றத்தில் முழு நவீன அதிகாரி. கடைசிச் சண்டைக்கு முன் இச்சிமுரா டெட்சுனோசுகே என்ற பையனைக் கூப்பிட்டு, அந்தப் படத்தையும் கொஞ்சம் தலைமுடியையும் கொடுத்து, ஹினோவில் இருக்கும் என் அக்கா வீட்டில் சேர்த்துவிடு என்றார். நானும் இங்கேயே சாகிறேன் என்று அவன் அடம்பிடித்தான். போகாவிட்டால் உன்னை வெட்டிவிடுவேன் என்று மிரட்டி அனுப்பினார். அவன் வாரக்கணக்கில் ஒளிந்து ஒளிந்து, கந்தல் கட்டிய பிச்சைக்காரன் மாதிரி ஹினோ வந்து சேர்ந்தபோது, ஹிஜிகாட்டா இறந்துவிட்டிருந்தார். ஜூன் 20-ல் குதிரைமேல் இருந்தபோது வயிற்றில் குண்டு. வயது 34. உடலை எங்கே புதைத்தார்கள் என்று தெரியாது. ஒரு வாரத்தில் எனோமோட்டோ சரணடைந்தார், சில ஆண்டுகள் சிறையிலிருந்து, பிறகு அதே அரசில் அமைச்சரானார்.

மூங்கில் குழாய்

ஐசுவின் கதையில் இமோரி குன்றில் தற்கொலை செய்துகொண்ட பத்தொன்பது சிறுவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் நீட்டவில்லை. கோட்டை எரிகிறது என்று நினைத்து அவர்கள் பார்த்த புகை 1868 அக்டோபர் 8-ல் எரிந்த நகரத்தின் புகை. கோட்டை அதற்குப் பிறகும் ஒரு மாதம் நின்று நவம்பர் 6-ல்தான் சரணடைந்தது. கட்டாமோரி மன்னிப்புக் கேட்டு மனுமேல் மனு போட்டிருந்தார். பயனில்லை. யோஷிநோபு தப்பிய பழிக்கும், கியோட்டோவில் ஐசு ஆண்டாண்டாகச் சம்பாதித்த பகைக்கும் சேர்த்து ஒரு விலை வேண்டியிருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1864-ல் சோஷூ படை அரண்மனைமேல் பாய்ந்தபோது வாசலில் நின்று தடுத்தவர்கள் ஐசுவினர். அன்று ராஜத்துரோகிப் பட்டம் வாங்கியது சோஷூ. 1868-ல் அதே சோஷூ பட்டுக்கொடியோடு வந்தது, பட்டம் ஐசுவுக்கு மாறியது. புதிய அரசு டோக்கியோவில் எழுப்பிய வீரர் நினைவுக் கோயிலில் ஷோகன் தரப்பில் இறந்தவர்களுக்கு இடமில்லை. 1864-ல் இறந்த ஐசு வீரர்களை மட்டும் பின்னாளில் சேர்த்துக்கொண்டார்கள். ஒரே ஊர், ஒரே பிரபு, ஒரே சாசனம். நான்கு வருஷ வித்தியாசத்தில் ஒருவன் தியாகி, மற்றவன் துரோகி.

1877-ல் சட்சுமாவே புதிய அரசுக்கு எதிராகக் கிளம்பியபோது, அடக்கப் போன போலீஸ் படையில் பழைய ஐசுக்காரர்கள் முண்டியடித்துச் சேர்ந்தார்கள். ஷின்சென்குமியின் சைட்டோ ஹஜிமேவும் போனார், பேரை மாற்றிக்கொண்டு. இந்த முறை பேரரசரின் படை என்ற பெயர் அவர்களுக்கு. 1986-ல் சோஷூவின் பழைய தலைநகரான ஹாகி, 120 ஆண்டு ஆகிவிட்டது, இனிச் சமாதானமாகப் போகலாமே என்று ஐசு நகரத்தைக் கேட்டது. 120 ஆண்டுதானே ஆகிறது என்று பதில் வந்தது.

கட்டாமோரி கடைசிக் காலத்தில் நிக்கோவில் இயேயாசுவின் கோயிலுக்குத் தலைமைப் பூசாரியாக இருந்தார். அந்த நாள்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. கழுத்தில் ஒரு மெல்லிய மூங்கில் குழாயைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார். குளிக்கும்போது மட்டும் கழற்றுவார். அது என்ன என்று யாரிடமும் சொன்னதில்லை. 1893-ல் அவர் இறந்த பிறகு வீட்டார் திறந்து பார்த்தார்கள். உள்ளே முந்தைய பேரரசர் கோமேய் 1863-ல் தன் கைப்பட எழுதிய கடிதம் இருந்தது. கியோட்டோவைக் காத்த உன் விசுவாசத்தை மெச்சுகிறேன் என்று கட்டாமோரிக்கு எழுதியது. ராஜத்துரோகி என்று ஊரைக் கொளுத்த வந்தவர்களிடம் அவர் அதை நீட்டிக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

கடிதத்தின் வாசகம் பொதுமக்களுக்குத் தெரிய வந்தது 1911-ல், பழைய ஐசு ஊழியர்கள் கியோட்டோ காவல் காலத்தின் வரலாற்றை அச்சிட்டபோது. அந்த ஆண்டு டோகுகாவா யோஷிநோபு டோக்கியோவில் நலமாக இருந்தார். எழுபதைத் தாண்டியிருந்தது. பேரரசர் கொடுத்த கோமகன் பட்டம் கிடைத்து ஒன்பது ஆண்டு ஆகியிருந்தது. புகைப்படம் எடுப்பதிலும் வேட்டையிலும் அவருக்கு நல்ல ஈடுபாடு.